எந்தச் சட்டம் எனக்கு? பதிலை அரசே எழுதித் தரட்டும்

சிறு தொழில் செய்பவர்களையும் பெண்களையும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களையும் பொருளாதாரத்தில் கைதூக்கிவிட நம் நாட்டில் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசுத் துறைகள் வாங்கும் பொருளிலும் சேவையிலும் கால்பங்கு குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும் என்கிறது ஓர் ஆணை. அந்த நிறுவனங்களுக்குச் சேர வேண்டிய பணம் 45 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்கிறது ஒரு சட்டம். ஆந்திரத் தொழிற்சாலைகளில் நூற்றுக்கு 75 வேலை உள்ளூர்க்காரர்களுக்கு என்கிறது இன்னொரு சட்டம். இவை யாருக்காக எழுதப்பட்டனவோ, அவர்களுக்கு இவற்றில் எது தமக்குப் பொருந்தும் என்பது மட்டும் தெரிவதில்லை.

நான் சித்தூரில் வரி ஆலோசகராக இருக்கிறேன். மாங்கூழ் ஆலைக்காரர், அட்டைப்பெட்டி செய்பவர், நகரியில் விசைத்தறி ஓட்டுபவர், திருப்பதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் என்று பலரும் வருவார்கள். சிலர் தமிழில் பேசுவார்கள், சிலர் தெலுங்கில். ஜிஎஸ்டி கணக்கு முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும்: "சார், செல்லுல பார்த்தேன், நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஏதோ சட்டம் இருக்காமே, அது எனக்கு வருமா?" இதற்குப் பதில் தேடிச் சொல்வது என் தொழில். ஆனால் அந்தப் பதிலைக் காசு கொடுத்து என்னிடம் வாங்க வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. பதிலுக்குத் தேவையான விவரங்களில் பெரும்பகுதி அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. எழுதித் தரும் பொறுப்பும் அரசுடையதே.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை, ஒருவருக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று நாங்கள் பார்க்கும் வரிசையிலேயே விளக்குகிறேன்.

என்ன தொழில், எவ்வளவு பெரிது?

முதல் கேள்வி, நீங்கள் பொருளைச் செய்கிறீர்களா, சேவை தருகிறீர்களா, வாங்கி விற்கிறீர்களா என்பது. 2020 ஜூலை 1 முதல் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு உத்யம் பதிவு நடக்கிறது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் இதில் சேர்த்தார்கள். சேர்த்தபோதே ஒரு வரம்பும் போட்டார்கள்: வங்கிகள் தரும் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே அந்தப் பதிவு உதவும்.

திருப்பதிப் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் தங்கும் விடுதிகளுக்கு அண்டாவும் குண்டானும் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்கு அலைந்தார். உத்யம் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்தார். "அண்ணா, என்கிட்ட சர்ட்டிபிகேட் இருக்கே, 45 நாள் சட்டத்துல கேஸ் போடலாமா?" என்றார். அந்தச் சான்றிதழைக் கழற்றி அவரையே படிக்கச் சொன்னேன். முக்கியத் தொழில் என்ற கட்டத்தில் வியாபாரம் என்று இருந்தது. அதை ஒட்டி, முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. நாள்தோறும் அவர் கண்ணில் பட்ட வரிதான் அது. ஆனால் அவருக்குத் தெரிந்த எந்த மொழியிலும் அது இல்லை. அதே பாத்திரங்களைப் பட்டறை வைத்து அவரே செய்திருந்தால் 45 நாள் சட்டம் அவர் பக்கம் நின்றிருக்கும்.

இரண்டாவது கேள்வி அளவு. இந்த அளவுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறுந்தொழில். முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறுதொழில். 125 கோடி, 500 கோடி வரை நடுத்தரம். அதற்கு முந்தைய நாள் வரை சிறுதொழிலின் எல்லை 10 கோடியும் 50 கோடியுமாக இருந்தது. 60 கோடிக்கு விற்கும் ஆலை ஒன்று மார்ச் 31-இல் நடுத்தரத் தொழிலாக இருந்து, மறுநாள் காலையில் சிறுதொழிலாகிவிட்டது. நடுத்தரத் தொழிலுக்கு இல்லாத 45 நாள் பாதுகாப்பும் மத்திய அரசுக் கொள்முதல் பங்கும் ஒரே இரவில் அதற்குக் கிடைத்துவிட்டன. ஆனால் முதலாளிக்கு அது தெரிய வேண்டுமே.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. விற்றுமுதலைக் கணக்கிடும்போது ஏற்றுமதியைக் கழித்துவிட வேண்டும். சித்தூர் மாங்கூழ் வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. ஆண்டுக்கு 130 கோடிக்கு விற்கும் ஓர் ஆலை அதில் 80 கோடியை வெளிநாட்டில் விற்றால், உத்யம் கணக்கில் அதன் விற்றுமுதல் 50 கோடிதான். நிலமும் கட்டடமும் முதலீட்டுக் கணக்கில் வராது. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியின் விலையும் வராது. மறுபக்கம், ஒரே பான் எண்ணில் மூன்று ஊரில் மூன்று ஆலை இருந்தால் மூன்றையும் சேர்த்து ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். இத்தனையையும் அறிந்து தன் இடம் எது என்று ஒரு முதலாளி தானே கண்டுகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

நூற்றில் 51

மூன்றாவது கேள்வி, தொழில் யார் கையில் இருக்கிறது என்பது. 2012-இல் வந்த பொதுக் கொள்முதல் ஆணைப்படி, மத்திய அரசுத் துறைகளும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் குறு, சிறு நிறுவனங்களிடம் ஆண்டுக் கொள்முதலில் 20 விழுக்காட்டை வாங்க வேண்டும். 2015 ஏப்ரல் முதல் அது கட்டாயமானது. 2018-இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. அந்த 25-க்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு, 3 விழுக்காடு பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. கூட்டுத் தொழில் என்றால் அந்தப் பிரிவினரிடம் குறைந்தது 51 விழுக்காடு பங்கு இருக்க வேண்டும். 2016-இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா கடன் திட்டத்திலும் இதே 51 தான் அளவுகோலாக இருந்தது.

சித்தூருக்கு வெளியே அட்டைப்பெட்டி செய்யும் ஒரு பெண்மணி என்னிடம் வருகிறார். கணவர் போன பிறகு கொழுந்தனாரோடு பங்கு போட்டுத் தொழிலை நடத்துகிறார். அவருடைய நகைகளை வங்கியில் அடகு வைத்துத்தான் ஒட்டும் இயந்திரம் வந்தது. ஆர்டர் பிடிப்பது, காகிதச் சுருள் எடைபோட்டு இறக்குவது, சனிக்கிழமை கூலி கொடுப்பது எல்லாம் அவரே. கொழுந்தனார் மாலையில் வந்து கணக்கைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு மத்திய அரசு நிறுவனத்தின் டெண்டரில் பெண்களுக்கான ஒதுக்கீடு இருப்பதைக் கேள்விப்பட்டு வந்தார். பங்குதாரர் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். முத்திரைத்தாளில் மூன்றாவது பக்கத்தில், லாப நட்டம் இருவருக்கும் சரிபாதி என்று இருந்தது. சரிபாதி என்றால் 50. இன்னும் ஒன்று இருந்திருந்தால் அது பெண் நடத்தும் நிறுவனம். இல்லாததால் இல்லை.

"நான்தானே சார் எல்லாம் பார்க்கறேன்? அந்த ஒண்ணுக்கு என்ன சார் இவ்ளோ?" என்றார் அந்த அம்மா.

சட்டத்துக்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும், அது எங்காவது விழத்தான் வேண்டும். கோட்டின் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த ஒப்பந்தம் எழுதப்பட்ட நாளில், எழுதியவரோ பதிவு செய்த அலுவலகமோ கடன் கொடுத்த வங்கியோ இப்படி ஒரு கோடு இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம். அன்றைக்கு ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். இன்று ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும், வங்கியின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கும் மேல், வீட்டுக்குள் ஒரு பேச்சைத் தொடங்க வேண்டும். அவருக்குக் கடினமாக இருந்தது அந்தக் கடைசி வேலைதான்.

இந்த 51-ஐத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. மனைவி பெயரிலோ, வேலைக்காரராக இருக்கும் ஒரு தலித் இளைஞர் பெயரிலோ பங்கை எழுதிவிட்டு, காசோலைப் புத்தகத்தைத் தன் பையில் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். உண்மையாக நடத்தும் ஒரு பெண்ணுக்குத் தெரியாத விதி, பெயரை மட்டும் கடன் வாங்குகிறவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. விதிகளை ஊரறியச் சொல்லாததன் விளைவு இது. தெரிந்தவன் சுருட்டுகிறான், உரியவர் வெளியே நிற்கிறார்.

வாங்குகிறவர் யார்?

நான்காவது கேள்வியில்தான் திருப்பதிக்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். உங்களிடம் வாங்குகிறவர் யார்?

2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டத்தையும் நெல்லூரின் ஒரு பகுதியையும் பிரித்துத் திருப்பதி மாவட்டம் உருவானது. சூலூர்ப்பேட்டைப் பக்கம் அதில் சேர்ந்ததால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளம் இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அது மத்திய அரசின் விண்வெளித் துறைக்கு உட்பட்டது. திருப்பதியில் ரயில்வேயின் பெட்டி பழுதுபார்க்கும் பணிமனை இருக்கிறது. இவை இரண்டும் 2012 ஆணைக்குக் கட்டுப்பட்டவை. அங்கே டெண்டர் போடும் குறு, சிறு நிறுவனம் டெண்டர் படிவக் கட்டணம் கட்ட வேண்டாம். ஈ.எம்.டி. என்று சொல்லும் பிணைத்தொகையும் வேண்டாம். மிகக் குறைந்த விலை கேட்டவர் பெரிய நிறுவனமாக இருந்து, உங்கள் விலை அதைவிட 15 விழுக்காட்டுக்குள் கூடுதலாக இருந்தால், அந்தக் குறைந்த விலைக்கே ஒரு பங்கைத் தரும் வாய்ப்பு உங்களுக்கு உண்டு. 358 பொருட்களைச் சிறிய நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று தனிப்பட்டியலும் இருக்கிறது. கட்டட ஒப்பந்த வேலைக்கும் வாங்கி விற்கும் வியாபாரிக்கும் இந்தச் சலுகைகள் கிடையாது.

ஆனால் திருப்பதியில் எல்லோர் கண்ணும் இருப்பது தேவஸ்தானத்தின் மேல். வெல்லம், முந்திரி, நெய், துணி, பெட்டி என்று அவர்கள் வாங்காத பொருள் இல்லை. தேவஸ்தானம் ஆந்திர மாநிலத்தின் 1987-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. மத்திய அரசின் 2012 ஆணை அதைக் கட்டுப்படுத்தாது. அங்கே மாநில விதிகளும் அந்தந்த டெண்டரில் எழுதியிருக்கும் நிபந்தனைகளும்தான் பேசும். ஒரே ஊரில், ஒரே அட்டைப்பெட்டியை ரயில்வேக்குக் கொடுத்தால் ஒரு சட்டம், மலைக்குக் கொடுத்தால் வேறு சட்டம். இது தெரியாமல் பிணைத்தொகை கட்டாமலே டெண்டர் போட்டு, உறையைப் பிரிக்கும் முன்பே தள்ளுபடியாகித் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

வாங்குகிறவர் தனியாராக இருந்தால் கொள்முதல் பங்கு கிடையாது. ஆனால் 45 நாள் சட்டம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டமும் இதோடு சேர்ந்துகொண்டது. கெடு தாண்டி நிலுவையில் இருக்கும் தொகையை, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். பத்து லட்சம் பாக்கி வைத்தவர் 30 விழுக்காடு வரி கட்டுபவராக இருந்தால், அந்த ஆண்டில் மூன்று லட்சம் கூடுதல் வரி.

இந்தச் சட்டம் வாங்குகிறவரின் அளவைப் பார்ப்பதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிறிய மாங்கூழ் ஆலையும் தனக்குத் தகர டப்பாவும் அட்டைப்பெட்டியும் தருகிற குறுந்தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும். நமக்கு உரிமை தருகிற அதே சட்டம் நம் மேல் கடமையையும் வைக்கிறது. உரிமைக்காக வருகிறவரிடம் இந்தப் பாதியையும் நான் சொல்லியே அனுப்புகிறேன். முகம் கொஞ்சம் வாடும். ஆனால் பணம் இப்படித்தான் கைமாறிக் கைமாறிக் கடைசி ஆள் வரை போய்ச் சேரும்.

இந்தச் சட்டத்துக்குப் பயந்து சில பெரிய கொள்முதல்காரர்கள் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். என்னிடம் வரும் ஒருவரிடம், உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வந்தால்தான் அடுத்த ஆர்டர் என்று சொல்லிவிட்டார்கள். காத்துக்கொள்ளத் தந்த கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வா என்கிறார்கள். அவர் தன் உரிமை என்ன என்று முழுதாகத் தெரிந்திருந்ததால் மறுத்துவிட்டார். தெரியாதவர்கள் ரத்து செய்துவிடுவார்கள்.

எல்லையோரத்தில் இரண்டு சிக்கல்

கடைசிக் கேள்வி, தொழில் எங்கே நடக்கிறது, வேலை செய்கிறவர் எங்கிருந்து வருகிறார் என்பது. சித்தூர் 1911-இல் தனி மாவட்டமாகும் வரை பெரும்பகுதி வட ஆற்காட்டோடு இருந்தது. திருத்தணி 1960-இல்தான் சென்னை மாநிலத்துக்குப் போனது. கோடு மாறியதே தவிர, உறவும் பிழைப்பும் மாறவில்லை. சட்டம் மட்டும் கோட்டைப் பார்த்துத்தான் நடக்கும்.

2019-இல் ஆந்திரச் சட்டமன்றம் தொழிற்சாலைகளில் 75 விழுக்காடு வேலையை உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நடந்துகொண்டிருக்கும் ஆலைகளுக்கு மூன்று ஆண்டு அவகாசம். தகுதியான ஆள் கிடைக்காவிட்டால் அரசோடு சேர்ந்து பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்க வேண்டும். இது அரசியல் சாசனத்துக்கு ஒத்ததா என்ற கேள்வி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இதே போன்ற ஹரியானா சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. இதற்கிடையில் இசுசு, டைகின், மாண்டலீஸ் போன்ற நிறுவனங்கள் இருக்கும் ஸ்ரீசிட்டிக்கு ஊத்துக்கோட்டையிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வேலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சத்தியவேட்டில் வீட்டில் தமிழ் பேசும் பெண் இந்தச் சட்டத்தின்படி உள்ளூர்க்காரர். சில கிலோமீட்டர் தள்ளி ஊத்துக்கோட்டையில் இருக்கும் அவருடைய சித்தி மகள் வெளியூர்க்காரர். மொழி இதில் கணக்கில்லை, குடியிருப்பு மட்டுமே கணக்கு. பெரிய ஆலைகளுக்கு இதையெல்லாம் பார்க்கச் சட்டப் பிரிவு இருக்கிறது. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் 30 பேர் பட்டறைக்கு யார் இருக்கிறார்கள்?

சாதிச் சான்றிதழிலும் இதே கோடு குறுக்கே வருகிறது. குடியாத்தத்திலிருந்தோ காட்பாடியிலிருந்தோ சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பட்டியல் சாதிப் பெண்ணிடம் இருப்பது தமிழ்நாட்டுச் சான்றிதழ். ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருக்கும் உரிமை, இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கேயும் கூடவே வந்துவிடாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குப் போன ஒரு குடும்பத்தின் மகன் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட வழக்கு அது. ஆகவே ஆந்திர அரசின் 2024–29 சிறுதொழில் கொள்கை தரும் தனிச்சலுகைக்கு அந்தப் பெண் விண்ணப்பித்தால் முதல் கேள்வியே சான்றிதழைப் பற்றித்தான் வரும். தாசில்தார் அலுவலகத்தில் நின்ற பிறகு அதைத் தெரிந்துகொள்வதைவிட, முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அலைச்சலாவது மிச்சமாகும்.

யாருமே பேசாத விவசாயி

இந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் வெளியே ஒருவர் நிற்கிறார். 2025 கோடையில் பெங்களூரா மாம்பழத்தின் விலை சித்தூரில் சரிந்தது. தெலுங்கில் தோதாபுரி என்பார்கள், கூழ் ஆலைக்குப் போகும் பழம் அதுதான். ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் தரும், ஆக மொத்தம் 12 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. வெளிமாநிலப் பழம் உள்ளே வருவதைத் தடுத்தார்கள். கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது போனது. பழத்தை ஆலையில் இறக்கிவிட்டு, சொன்ன விலை கைக்கு வரவில்லை என்று விவசாயிகள் போராடினார்கள்.

பயிர்த்தொழில் உத்யம் பதிவில் வராது. ஆகவே ஆலைக்கு அட்டைப்பெட்டி கொடுத்தவருக்கு 45 நாள் பாதுகாப்பு உண்டு, அந்தப் பெட்டிக்குள் போகும் கூழுக்குப் பழம் கொடுத்தவருக்குக் கிடையாது. ஒரே ஆலையின் வாசலில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவரைச் சட்டம் பார்க்கிறது, மற்றவரைப் பார்ப்பதில்லை. இது விளக்கிச் சொன்னால் தீரும் குறை இல்லை. சட்டத்தையே திருத்த வேண்டும். ஆலைக்குப் பழம் தரும் விவசாயிக்கும் கெடுவும் வட்டியும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டர்பனில் இருப்பவர்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

எந்தச் சட்டம் தனக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ளும் விஷயத்தில் தென்னாப்பிரிக்காவைப் பார்ப்பது பயன்படும். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. அதில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்கள் இன்று அங்கே தொழில் நடத்துகிறார்கள். நிறவெறி ஆட்சி ஒதுக்கிவைத்த மக்களுக்குப் பொருளாதாரத்தில் இடம் தர 2003-இல் அந்த நாடு ஒரு சட்டம் செய்தது. அதில் கறுப்பினத்தவர் என்ற வரையறைக்குள் ஆப்பிரிக்கர்களும் கலப்பினத்தவரும் இந்திய வம்சாவளியினரும் வருகிறார்கள். டர்பன் தமிழருக்கும் அது பொருந்தும்.

அங்கே ஒரு முதலாளி மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறார். விற்றுமுதல் எவ்வளவு? என் துறைக்கென்று தனி விதித்தொகுப்பு இருக்கிறதா? உரிமை யார் கையில்? பொது விதிப்படி ஆண்டுக்கு ஒரு கோடி ராண்டுக்குள் விற்கும் நிறுவனம் எந்த ஆய்வாளரையும் தேடிப் போக வேண்டியதில்லை. உறுதிமொழிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துப் போட்டால் போதும். முழு உரிமையும் கறுப்பினத்தவரிடம் இருந்தால் முதல் தரம், 51 விழுக்காடு இருந்தால் இரண்டாம் தரம், இல்லாவிட்டால் நான்காம் தரம். ஒரு கோடியிலிருந்து ஐந்து கோடி ராண்டு வரை நடுத்தட்டு விதி, அதற்கு மேல் முழு விதி. பெயருக்கு ஒருவரை முன்னால் நிறுத்தி ஏமாற்றுவது பத்தாண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம்.

அந்தச் சட்டத்தின் மேல் அங்கேயே நிறைய விமர்சனம் உண்டு. ஆதாயம் மேல்தட்டில் சிலரிடமே தங்கிவிட்டது என்கிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால் தன் இடம் எது என்று ஒரு சிறிய கடைக்காரருக்கே தெரிந்துவிடுகிறது என்பதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். சிறியவருக்குச் சுமை குறைவு, பெரியவருக்குச் சோதனை அதிகம். நம்மிடம் ஒரே சட்டம் இல்லை. ஓர் அமைச்சகத்தின் ஆணை, ஒரு வருமான வரிப் பிரிவு, ஒரு மாநிலச் சட்டம், ஒரு வங்கித் திட்டம் என்று சிதறிக் கிடக்கிறது. சிதறிக் கிடப்பதைச் சேர்த்துக் காட்டும் வேலைதான் நம் பக்கம் பாக்கி.

ஒரு பக்கம் போதும்

அந்த வேலை பெரியதே அல்ல. உத்யம் படிவம் என்னென்ன கேட்கிறது என்று பாருங்கள். உரிமையாளர் ஆணா, பெண்ணா என்று கேட்கிறது. பட்டியல் சாதியா, பழங்குடியா, பிற்படுத்தப்பட்டவரா என்று கேட்கிறது. உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்று கேட்கிறது. ஆலை எந்த மாவட்டத்தில், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்கிறது. முதலீடும் விற்றுமுதலும் வருமான வரி, ஜிஎஸ்டி கணக்கிலிருந்து தானாக வந்து விழுகின்றன. மேலே நான் சொன்ன கேள்விகளில் வாங்குகிறவர் யார் என்பதையும் பங்கு எவ்வளவு என்பதையும் வேலை செய்கிறவர் எங்கிருந்து வருகிறார் என்பதையும் தவிர, மற்ற எல்லாவற்றுக்கும் பதில் அந்தக் கணினியில் இருக்கிறது. பங்கு விவரத்துக்கு ஒரே ஒரு கட்டம் கூட்டினால் போதும்.

ஆகவே நான் கேட்பது இவை. உத்யம் சான்றிதழோடு சேர்த்து ஒரு பக்கத்தில் விவரக் குறிப்பு வர வேண்டும். இந்த நிறுவனத்துக்குப் பொருந்தும் உரிமைகள் இவை, இதன் மேல் உள்ள கடமைகள் இவை, பொருந்தாதவை இவை, ஏன் பொருந்தாது என்பது இது என்று நான்கே தலைப்பு. அது தெலுங்கில் இருக்க வேண்டும், எங்கள் பக்கத்து மண்டலங்களில் தமிழிலும் வேண்டும். மத்திய அரசு நிறுவனத்துக்கு விற்றால் ஒரு நிலை, மாநில நிறுவனத்துக்கு விற்றால் ஒரு நிலை, தனியாருக்கு விற்றால் ஒரு நிலை என்று மூன்று வரியில் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஏப்ரலிலும் புதிய கணக்கு ஏறியதும் அந்தப் பக்கம் புதுப்பிக்கப்பட்டு முதலாளியின் செல்லுக்கு வர வேண்டும். ஒருவர் வளர்ந்து மேல்வகைக்குப் போனாலும் பழைய வகையின் வரியல்லாத சலுகைகள் மூன்று ஆண்டு தொடரும் என்று 2022-இல் ஓர் அறிவிப்பு வந்தது. அதைக்கூடச் சொல்லாததால், சலுகை போய்விடும் என்று பயந்து வளர்ச்சியை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்யும் அலுவலகத்தில், 51 விழுக்காடு என்ற எல்லையைப் பற்றி ஒரு வாக்கியம் படித்துக் காட்டப்பட வேண்டும். கூட்டாளிகள் சரிபாதி என்றே வைத்துக்கொள்ளலாம், அது அவர்கள் விருப்பம். தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

விதிகள் அடிக்கடி மாறும், நீதிமன்றம் குறுக்கிடும், எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அரசுக்கே வம்பு என்று அதிகாரிகள் சொல்வார்கள். மாறுகிறது என்பதற்காகத்தான் எழுதித் தரச் சொல்கிறேன். தேதி போட்டுக் கொடுங்கள், இந்தத் தேதியில் இதுதான் நிலை என்று சொல்லுங்கள். அரசுக்கே உறுதியாகச் சொல்லப் பயமாக இருக்கும் ஒரு விதியை, எட்டாம் வகுப்புப் படித்த தறிக்காரர் தானாகப் புரிந்துகொண்டு நடக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? மாவட்டத் தொழில் மையங்களுக்குப் போனால் சொல்ல மாட்டார்களா என்றும் கேட்கலாம். சொல்வார்கள், கேட்டதற்குச் சொல்வார்கள். இன்னது இருக்கிறது என்று தெரிந்தவரால்தான் கேட்க முடியும்.

இப்படி ஒரு பக்கம் வந்துவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு வருமானம் குறையும் என்று தொழில் நண்பர்கள் சொல்கிறார்கள். குறையட்டும். கணக்கு எழுதவும் வழக்கை நடத்தவும் ஆலோசகர் தேவைப்படுவார். தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்பதற்கு ஒருவர் கட்டணம் கட்டக் கூடாது. கெடு தவறினால் நோட்டீஸ் அனுப்ப என்னிடம் வருகிறவர்களின் முகவரி, செல் எண், பான் எண் எல்லாம் அரசுக்குத் தெரிந்திருக்கிறது. அதே முகவரிக்கு இந்த ஒரு பக்கத்தையும் அனுப்பிவைக்கட்டும்.